வாசலும் கொல்லையும் திறந்த கண்டம்

1943 ஜனவரி 22, காலை ஏழரை மணி. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற சிற்றூர். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். இரண்டே நிமிடத்தில் அது 7 டிகிரிக்கு ஏறியது. ஒன்பது மணிக்கு 12. அடுத்த அரை மணிக்குள் மறுபடியும் மைனஸ் 20! ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

இந்தக் கூத்தை நடத்தியது சினூக் காற்று. மலையேறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்கும் காற்று அது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே கதைதான். கீழே வர வர அழுத்தம் கூடும்; ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். குளிர்காலத்தில் தரையில் கிடக்கும் பனியைச் சில மணி நேரத்தில் காணாமல் அடித்துவிடுவதால் அங்கே இதற்குப் ‘பனித்தின்னி’ என்றே பட்டப்பெயர்.

பள்ளிக்கூடத்தில் மலைகளின் உயரத்தை மனப்பாடம் செய்தோம். அவை எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக 4,800 கி.மீ. நீண்டு கிடக்கிறது. பசிபிக்கின் ஈரக்காற்றை அதற்கு முன்பே கரையோர மலைகள் பிழிந்துவிடுகின்றன. ஒலிம்பிக் மலையின் மேற்கே ஹோ காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை, அதே மலைக்கு வடகிழக்கே ஸ்க்விம் ஊரில் 400 மி.மீ.தான். மழை மறைவு என்றால் என்னவென்று கோவைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அசல் விஷயம் ராக்கிக்குக் கிழக்கே இருக்கிறது. கனடாவின் வடகோடி முதல் மெக்சிகோ வளைகுடா வரை சமவெளி. சொல்லிக்கொள்ளும்படி ஒரு குறுக்குமலை கிடையாது. வாசலையும் கொல்லையையும் திறந்துபோட்ட வீடு மாதிரி. வடக்கிலிருந்து ஆர்க்டிக் குளிர் நேரே உள்ளே வரும். தெற்கிலிருந்து வளைகுடாவின் வெக்கையும் வரும். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் பகலில் 28 டிகிரி, நள்ளிரவுக்குள் மைனஸ் 8. வசந்த காலத்தில் கீழே வளைகுடாவின் ஈரக்காற்று, அதன் மேல் மேற்கு மேட்டுநிலத்தின் வறண்ட காற்று, அதற்கும் மேலே விரைந்தோடும் மேலைக்காற்று என்று அடுக்கிக்கொண்டால் டொர்னேடோவுக்குக் களம் தயார். ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னேடோக்கள். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை கிடையாது. 1925 மார்ச் 18இல் மூன்று மாநிலங்களைக் கடந்த ஒற்றைச் சுழல் 695 பேரைக் கொன்றது.

நம் இமயம் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. கொல்லைக்கதவு சாத்தியே இருக்கிறது. டெல்லியும் டெக்சஸின் ஹூஸ்டனும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதான். டெல்லியில் பாதரசம் பூச்சியத்துக்குக் கீழே போவதே அபூர்வம். ஹூஸ்டனில் 2021 பிப்ரவரியில் மைனஸ் 10ஐத் தொட்டது.

அந்த வாரம் டெக்சஸில் எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்துபோய், லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. இயற்கைப் பேரிடர் என்று இதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. 2011லும் இப்படியொரு உறைபனி வந்தது. எந்திரங்களுக்குக் குளிர்காப்பு செய்யுங்கள் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்பு அப்போதே அறிக்கை கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து 2021 உறைபனி வந்தபோதும் மாநிலம் அதைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை. அரசுக் கணக்குப்படி அந்த 2021 குளிரில் செத்தவர்கள் 246 பேர்.