வீட்டுக்குள்ளே ஒரு கடல்... எந்தத் தண்ணீரில்?

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. வேலை முடிந்து அலுத்துக் களைத்து வருகிறவர் பத்து நிமிஷம் அதன் எதிரே உட்கார்ந்தால் மனசு லேசாகிவிடும். இது வெறும் பேச்சில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உள்ள பெரிய கடல்மீன் காட்சியகத்தில் ஆராய்ச்சி செய்து 2015-ல் வெளியிட்டார்கள். தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்திருந்தனவாம்.

ஆனால், அதே தொட்டி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுவதும் உண்டு! கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி. ஒரு மீன் மூச்சு வாங்குகிறது. இன்னொன்று சாப்பிட மறுக்கிறது. ‘‘நல்ல தண்ணிதானே ஊத்தினோம்?’’ என்று வீடே குழம்பிப் போகும். அந்த ‘நல்ல தண்ணி’ என்பது என்ன என்றுதான் இங்கே பார்க்கப் போகிறோம். முக்கியமாக, நீங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் குடியிருப்பவர் என்றால் இதை அவசியம் படியுங்கள்.

காலடியில் பழைய கடல்

உங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, தெரியுமோ? ஆலத்தூர் வட்டத்தில் உள்ள சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 18 மீட்டருக்கும் அதிக நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதை உலகுக்குச் சொன்னார். காரை, கருடமங்கலம் பக்கம் போனால் நத்தைச் சுருள் போலிருக்கும் அம்மோனைட்டுகளும், கிளிஞ்சல்களும் கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்று அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி.

அந்தச் சுண்ணாம்பு ஆலைக்கு மட்டுமா போகிறது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு உங்கள் போர்வெல்லுக்கும் வந்து சேர்கிறது. துவரம் பருப்பு வேக மறுப்பதும், சோப்பு நுரைக்காமல் திரிவதும், குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்கு தட்டுவதும் இதனால்தான். பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைப் பக்கம் கடினப் பாறை. அங்கே தண்ணீரின் குணமே வேறு. ஆகவே, பக்கத்து ஊர்க்காரர் தொட்டிக்கு ஒத்துப்போன தண்ணீர் உங்கள் தொட்டிக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே?

‘‘எங்க கிணத்துத் தண்ணியே உப்பு. அதிலேயே இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டா ஆச்சு’’ என்று நினைக்காதீர்கள். கடல்நீர் என்பது வெறும் உப்புக் கரைசல் அல்ல. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கடைகளில் விற்கும் ‘மெரைன் சால்ட்’ பொடியை, எதுவுமே கரைந்திராத சுத்தமான தண்ணீரில் கலந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். நம் சமையல் உப்பு இதற்கு ஆகவே ஆகாது. உப்பளத்தில் உப்பு விளையும்போதே மக்னீசியத்தில் பெரும்பகுதி கசப்பு நீரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான்.

இன்னும் பெரிய தொல்லை, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் போடுகிற உரத்திலிருந்து நைட்ரேட் கிணற்றில் இறங்கலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு விருந்து. பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிகா, அந்தப் பழுப்புப் பாசிக்குத் தீனி. மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் மீனின் செவுளையே எரித்துவிடும்.

ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல!

நம் ஊர் வெயிலில் இதை மறக்கவே கூடாது. 100 லிட்டர் தொட்டி, தினமும் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஈடுகட்ட ஊற்றும் போர் தண்ணீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருந்தால், நாளுக்கு 1.8 கிராம் சேரும். ஒரு வருஷத்தில்? 650 கிராமுக்கு மேல்! அரைக் கிலோவுக்கும் அதிகமான வேண்டாத உப்பு, நைட்ரேட்டோடு சேர்ந்து உங்கள் தொட்டிக்குள் குடியேறிவிடும். வாரா வாரம் தண்ணீரை மாற்றினால் ஒரு பகுதி வெளியேறும் என்றாலும், ஊற்றும் தண்ணீரே சரியில்லை என்றால் அது ஓட்டைக் குடம் கதைதான்.

ஆகவே, ஆவியானதை ஈடுகட்ட உப்புக் கலக்காத சுத்த நீர். பழைய நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் உப்புக் கலந்த நீர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தண்ணீர் தேறும்? எது தேறாது?

கொதிக்க வைத்த தண்ணீர்: கிருமி சாகும். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும். நைட்ரேட் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவும் செய்யும். தேறாது.

படிகாரம், தேற்றான் கொட்டை போட்டுத் தெளிய வைத்தது: கலங்கல் போகும். கரைந்திருப்பது போகாது. தேறாது.

செம்புக் குடத்து நீர்: குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மிகக் குறைந்த அளவு தாமிரம்கூட இறால், நத்தை போன்றவற்றைக் கொன்றுவிடும். தண்ணீரில் தாமிரம் சேர்க்கும் வகை வாட்டர் பியூரிபையருக்கும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீருக்கும் இதே எச்சரிக்கை.

மழைநீர்: இயற்கையிலேயே மென்மையானது. 2003-லேயே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புச் சுரங்கம், லாரிகள் ஓடும் சாலை ஓரம் இருப்பவர்களின் மொட்டை மாடியில் படியும் தூசியும் சேர்ந்துதான் இறங்கும். சிமெண்ட் தொட்டியில் நின்றாலும் குணம் மாறும். முதல் மழையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, சோதித்த பிறகே யோசிக்கலாம்.

இருபது லிட்டர் கேன்: குடிப்பதற்கென்று தயாரிப்பது, ருசிக்காக உப்புகள் சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு கேனையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு மட்டும்.

வீட்டு ஆர்.ஓ.: கரைந்த உப்பில் நூற்றுக்கு 90-லிருந்து 98 பங்கு வரை பிடித்துவிடும். 900 உள்ள தண்ணீரில் 95 பங்கு போனால் மிச்சம் 45. பரவாயில்லை. ஆனால் உங்கள் இயந்திரத்தில் ‘மினரல்’ குப்பியோ, பழைய நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகோ இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். இருந்தால், அதற்கு முன்னாலிருந்தே தனிக் குழாய் எடுக்க வேண்டும். வெறும் யு.வி. விளக்கு மட்டும் உள்ள இயந்திரம் கிருமியைத்தான் கொல்லும், உப்பைத் தொடாது.

ஆர்.ஓ. + டி.ஐ.: ஆர்.ஓ.வில் தப்பியதை ரெசின் மணிகள் பிடித்துவைக்கும். மீட்டர் பூஜ்யம் காட்டும். தொட்டிக்கு இதுதான் முதல் மார்க். மீட்டர் ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்றிவிடுங்கள். கடினமான தண்ணீரில் மெம்பிரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஒரு விஷயம்: ஒரு லிட்டர் சுத்த நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவு நீர் போகும். மேலே சொன்ன தொட்டிக்கு வாரம் 14 லிட்டர் ஈடுகட்டவும் 10 லிட்டர் மாற்றவும் ஆக 24 லிட்டர் என்றால், கழிவு 72 லிட்டர். கோடையில் குடம் குடமாகத் தூக்கும் தெருவில் இதைச் சாக்கடையில் விடலாமா? தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பிடித்துவையுங்கள். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்றால் நன்னீர் மீனே வளர்க்கலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கலக்கும் முறை

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் சுத்த நீர். சுமார் 350 கிராம் மெரைன் சால்ட். காற்றுக் குழாயைப் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். ஹைட்ரோமீட்டரில் 1.023-லிருந்து 1.025-க்குள் வந்தால் சரி. தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். பவளமும் கடல்குதிரையும் வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால் மறுத்துவிடுங்கள். பாறை போலிருக்கும் உயிர்ப் பவளங்களும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் உள்ளவர்களின் ஆரோக்கியம்

1. டி.ஐ. நீரைக் குடிக்காதீர்கள். ‘பூஜ்யம்னா ரொம்ப சுத்தம்தானே’ என்று தோன்றும். ஆனால் உடம்புக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் கிடையாது. அந்த ரெசினும் குடிநீருக்கென்று செய்யப்பட்டதாக இருக்காது. குழாயில் ‘மீனுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

2. கையில் வெட்டு, கீறல் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி புகுந்தால் சில வாரம் கழித்து விரலிலோ கையிலோ ஆறாத கட்டி வரும். டாக்டரிடம் போனால் ‘வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சரியான மருந்துக்கு வழிகாட்டும்.

3. தண்ணீர் எடுக்கும் ட்யூபை வாயால் உறிஞ்சாதீர்கள். கை விடுமுன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். உப்பு நீரில் மின்சாரம் மிகச் சுலபமாகப் பாயும்.

4. கைக்குழந்தை உள்ள வீடா? கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், புட்டிப் பால் குடிக்கும் சிசுவின் ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் இது போகாது என்று மேலேயே பார்த்தோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. டி.டி.எஸ். மீட்டர் ‘எவ்வளவு’ என்று சொல்லுமே தவிர ‘என்ன’ என்று சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது. ஆனால் 400 காட்டும் நீரிலும் நைட்ரேட்டோ புளூரைடோ எல்லை மீறி இருக்கலாம். புளூரைடுக்கு எல்லை 1 மில்லிகிராம். மிஞ்சிப் போனால் 1.5. அது அதிகமானால் பிள்ளைகளின் பற்களில் கறை விழும்.

எனவே ஆயிரக்கணக்கில் பணம் போட்டு இயந்திரம் வாங்குமுன், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் உங்கள் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். எந்த இயந்திரம் வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதே அந்தச் சீட்டில் தெரிந்துவிடும். மீனுக்காக வாங்கிய மீட்டரை அடுக்களைக் குழாயிலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். மீன் குடிக்கும் தண்ணீரை இத்தனை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற நாம், நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க மறக்கலாமா?