இலை சூடிய தூண்

கிரேக்கத்தின் தெற்கே, பெலோப்பொனீஸ் மலைகளுக்கு நடுவில், 1,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பாஸை என்றொரு இடம். அங்கே அப்பல்லோவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. வெளியே சுற்றிலும் டோரிக் தூண்கள். உள்ளே இருபுறச் சுவரிலிருந்தும் நீட்டிக்கொண்டு நிற்கும் ஐயோனிக் தூண்கள். உள்மண்டபத்தின் கோடியில், நட்டநடுவில், தன்னந்தனியாக ஒரே ஒரு தூண். அதன் தலையைச் சுற்றி இலைகள். கொரிந்தியத் தூண் என்று நாம் சொல்லும் வகையில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான். 1811-12-ல் அங்கே தோண்டியவர்கள் அந்தத் தலையை அளந்து படம் வரைந்து வைத்தார்கள். நல்லவேளை, வரைந்தார்கள். பிறகு அது உடைந்துபோய், இன்று சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன.

அந்த ஒற்றைத் தூணின் வம்சம் ரோமாபுரியின் பாந்தியன் முகப்பில் நிற்கிறது. வாஷிங்டனில் 1935-ல் திறக்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நிற்கிறது. சென்னை எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் குவிமாடத்தையும் தாங்கி நிற்கிறது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக மனிதர் இதை விடவில்லை. அழகாக இருக்கிறது, அதனால் நிலைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மூன்று வகைகளில் அதிக அலங்காரம் கொண்ட இந்தத் தூணே கட்டுபவருக்கு அதிக வசதியானதாகவும் இருந்தது என்பது மீதிப் பாதி. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

தூணுக்குத் தலை எதற்கு? கல், அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசை வந்தால் பட்டென்று விரிந்துவிடும். இரண்டு தூண்களுக்கு மேல் கல் உத்திரம் ஒன்றைப் படுக்க வைத்தால், அதன் அடிப்பக்கம் இழுவிசைக்கு ஆளாகிறது. தூணின் உச்சியைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் உத்திரத்துக்கு உட்கார நல்ல இடம் கிடைக்கும், தாங்கலில்லாத தூரமும் குறையும். அதற்குத்தான் தலை. ஆனால் அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. தூண் வட்டம், மேலே வரும் உத்திரமோ நேர்க்கோடும் மூலையும் கொண்டது. வட்டத்தைச் சதுரத்தோடு எப்படிச் சேர்ப்பது?

டோரிக் தூண் இதற்கு ஒரு நேரடியான விடை சொன்னது: விரிந்த வட்டக் கல்லொன்று, அதன் மேல் சதுரப் பலகை. பார்த்தீனனில் நிற்பவை அவைதான். ஐயோனிக் தூண் வேறு வழியில் போனது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு சுருள்கள். பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டி வைத்த பாய் போல இருக்கும். வரிசையின் நடுவில் நிற்கும்வரை தொல்லை இல்லை. கட்டிடத்தின் மூலைக்கு வந்ததும் தகராறு. ஒரு முகத்துக்குச் சுருள் காட்டினால், அடுத்த முகத்துக்கு வெறும் பக்கவாட்டுதான் தெரியும். ஏதென்ஸின் அதீனா நைக்கி கோயிலைக் கட்டியவர்கள் மூலைத் தூணின் வெளிச்சுருளை மட்டும் 45 பாகை வளைத்து வெளியே நீட்டிச் சமாளித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் அது ஒட்டுவேலை.

கொரிந்தியத் தலைக்கு இந்தத் தொல்லையே இல்லை. நான்கு பக்கமும் ஒரே முகம். நடுவில் நிறுத்தலாம், மூலையில் நிறுத்தலாம், வட்டக் கட்டிடத்தைச் சுற்றியும் நிறுத்தலாம். கட்டிடத்தின் வெளிப்புறத்தில் இவ்வகைத் தூண் நிற்பதை நாம் முதலில் காண்பது ஏதென்ஸில், கி.மு. 335-334-ஐச் சேர்ந்த லைசிக்ரேட்டஸ் நினைவுச்சின்னத்தில். அது ஒரு வட்டக் கட்டிடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். உள்ளே இருப்பது கவிழ்த்த மணி வடிவில், மேலே போகப்போக விரியும் ஒரு கல். அதன் அடியைச் சுற்றி எட்டு இலைகள். அந்த இலைகளின் இடைவெளிகளிலிருந்து, அவற்றைவிட உயரமாக, இரண்டாவது வரிசையில் இன்னும் எட்டு. ஒவ்வோர் இலையின் நுனியும் தன் கனத்தில் முன்னால் மடிந்து தொங்குகிறது. இரண்டாம் வரிசைக்குப் பின்னாலிருந்து தண்டுகள் கிளம்பி இரண்டாகப் பிரிகின்றன: ஒரு கிளை முகத்தின் நடுவை நோக்கிச் சுருள்கிறது, மற்றது மூலையை நோக்கி ஓடுகிறது. அடுத்தடுத்த இரண்டு முகங்களிலிருந்து வரும் மூலைச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, மேலே இருக்கும் பலகையின் மூலைக்கு முட்டுக்கொடுப்பதுபோல் நிற்கின்றன. பலகையின் நான்கு விளிம்புகளும் உள்வாங்கி வளைந்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூ. கீழே வட்டமாகத் தொடங்கியது எந்த இடத்தில் சதுரமானது என்று கண்ணால் பிடிக்கவே முடியாது. மாற்றம் முழுவதையும் இலைகள் மூடி நடத்திவிடுகின்றன.

ஆனால் இலைகள் எதையும் தாங்கவில்லை. சுமை முழுவதும் உள்ளேயிருக்கும் மணிக்கல் வழியாக இறங்குகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டின் ரோமானியக் கட்டிடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் சொல்லும் கதை இங்கே பொருந்துகிறது. கொரிந்து நகரில் இறந்துபோன ஒரு பெண்ணின் கல்லறை மேல் அவளுடைய தாதி ஒரு கூடையை வைத்து, அதன் வாயை ஓட்டால் மூடினாளாம். அடியில் அகாந்தஸ் வேர் ஒன்று கிடந்தது. வசந்தத்தில் அது துளிர்த்துக் கூடையைத் தழுவி ஏறியது; ஓட்டின் மூலை இடித்ததும் நுனிகள் வெளிப்பக்கம் சுருண்டன. அந்த வழியே போன சிற்பி கலிமாக்கஸ் அதைப் பார்த்துத் தூண் வடித்தார் என்பது கதை. வரலாறாக இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் சொன்னவருக்குக் கட்டுமானம் தெரியும்: தாங்குவது கூடை, தழுவுவது இலை. அகாந்தஸ் நமக்கும் அன்னியமல்ல. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் முள் விளிம்பு இலைகளோடு வளரும் கழுதைமுள்ளி அதே பேரினத்துச் செடிதான்.

விட்ருவியஸ் இன்னொன்றும் சொல்கிறார். தலைக்குக் கீழே நிற்கும் தூண்தண்டின் அளவில் கொரிந்தியமும் ஐயோனிக்கும் ஒன்றேதான். ஐயோனிக் தலையின் உயரம் தண்டு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொரிந்தியத் தலையோ முழு விட்டத்தின் உயரம். அந்தக் கூடுதல் உயரமே தூணை ஒல்லியாகவும் ஓங்கியும் காட்டுகிறது.

தலை தனிக் கல்லாக இருப்பதில் பெரும் லாபம் ஒன்று உண்டு. தண்டு ஓர் ஊரிலிருந்தும் தலை வேறோர் ஊரிலிருந்தும் வரலாம். பாந்தியன் முகப்பின் 16 தண்டுகளும் எகிப்தில் வெட்டிய ஒற்றைக் கருங்கற்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீட்டர். அவ்வளவு கடினமான கல்லில் இலை நரம்பைச் செதுக்குவது பெரும்பாடு. அதனால் தலைகள் வெள்ளைப் பளிங்கு. மர்மரா தீவின் குவாரிகளில் தலைகளைச் செதுக்கிக் கப்பலில் அனுப்புவது பெரும் தொழிலாகவே நடந்தது. 6-ஆம் நூற்றாண்டில் சிசிலியின் மார்சாமேமி அருகே மூழ்கிய கப்பலொன்றில், தூண்களும் அடிப்பீடங்களும் கொரிந்தியத் தலைகளுமாக ஒரு தேவாலயத்தின் உள்ளமைப்பே கடலடியில் கிடந்தது. வேலையின் அளவையும் கூட்டலாம், குறைக்கலாம். கொலோசியத்தின் உயரத்தில் இருக்கும் தலைகளில் இலைகள் நரம்பின்றி வழவழவென்று நிற்கின்றன. கீழிருந்து பார்ப்பவருக்கு அந்த உருவரையே போதும்.

மதராசில் பளிங்கும் இல்லை, மர்மரா கப்பலும் இல்லை. செங்கல்லை அடுக்கித் தூணாக்கி, கடற்சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பலமுறை அரைத்துப் பூசி, பளபளவென்று தேய்த்து எடுத்தார்கள் நம் கொத்தனார்கள். பளிங்கோ என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதிய பூச்சு அது. அந்தக் கைத்திறனுக்கு நாம் இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இலை சுமை தாங்காததால், அதை மாற்றினாலும் தூண் விழாது. காந்தாரச் சிற்பிகள் அகாந்தஸ் இலைகளுக்கு நடுவே புத்தரை உட்கார வைத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்தில் வேலை செய்த பெஞ்சமின் லாட்ரோப், 1809-ல் இலையை எடுத்துவிட்டு மக்காச்சோளக் கதிரை வைத்தார். இத்தாலியச் சிற்பி ஜூசெப்பே ஃபிரான்சோனி அதைக் கல்லில் வடித்தார். தண்டுகளும் சோளத் தட்டைகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போலவே அமைந்தன. தாம் செய்த பெரிய வேலைகளைவிட இதைத்தான் உறுப்பினர்கள் அதிகம் பாராட்டினார்கள் என்று முன்னாள் அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதினார் லாட்ரோப். ஒரு மாதிரியையும் அனுப்பினார். ஜெஃபர்சன் அதைத் தன் மான்டிசெல்லோ வீட்டில் சூரியக் கடிகாரத்துக்குப் பீடமாக்கிக்கொண்டார். 1814-ல் ஆங்கிலேயர் அந்த நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்தபோதும் சோளத் தூண்கள் தப்பின. பின்னர் லாட்ரோப் புகையிலையின் இலையையும் பூவையும் வைத்து இன்னொரு வகை செய்தார். இரண்டும் அதே கட்டிடத்தில் இன்றும் இருக்கின்றன.