மளிகைக் கடையில் பாத்திரம்: எதை இறக்குவது, எதைத் திருப்பி அனுப்புவது?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களில் பலர், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கி எவர்சில்வர், இண்டாலியம், குக்கர், தோசைக்கல் என்று வைத்து விற்று வருகிறார்கள். கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் இதைப் பார்க்கலாம். நல்ல வியாபாரம்தான். ஆனால் துவரம் பருப்பைக் கடித்துப் பார்த்தும் மிளகாயை முகர்ந்து பார்த்தும் வாங்குகிற நம்மவர்கள், பாத்திரத்தை மட்டும் பளபளப்பையும் விலையையும் பார்த்து இறக்கிவிடுகிறார்கள். பாத்திர மொத்த வியாபாரத்தில் நெடுங்காலம் இருப்பவர்கள் என்ற முறையில் இதுபற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் வாடிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். சாமை, தினை, மரவள்ளி விற்ற பணத்தில் வெள்ளிமலையிலிருந்தோ, அதற்கும் அப்பாலுள்ள சிற்றூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து ஒரு குண்டான் வாங்கினால், அது பத்து வருஷம் உழைக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறார். மறுவாரமே பிடி கழன்றுவிட்டால் மாற்றித்தரச் சொல்லி வர அவரால் முடியாது. பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போய்விடும். வாய் திறந்து குறையும் சொல்ல மாட்டார். அடுத்த வெள்ளாமைக்கு வேறு கடையில் சாமான் வாங்குவார், அவ்வளவுதான். பாத்திரத்தில் கிடைத்த இருபது ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கு கைவிட்டுப் போகிறது.

முதலில் கனத்தைப் பாருங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும் என்பதைப் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். 18 கேஜ் கனமானது, 22 கேஜ் மெல்லியது. மலையிலும் அடிவாரத்திலும் கேழ்வரகுக் களி கிண்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. விறகடுப்பில் கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டித் துடுப்புப் போட்டுக் கிண்டும்போது, மெல்லிய எவர்சில்வர் அடிப்பிடிக்கும், ஆடும், நாளடைவில் அடி குழிந்துவிடும். அந்த வீட்டுக்கு அடிகனத்த இண்டாலியக் குண்டானே பொருத்தம். புளிக்குழம்புக்கு மட்டும் அதைச் சிபாரிசு செய்யாதீர்கள். புளி அலுமினியத்தை அரிக்கும். குழம்புக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ சொல்லுங்கள். மொத்தக் கடையில் எவர்சில்வர் கிலோக் கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. அதே வழக்கத்தை உங்கள் கடையிலும் வையுங்கள். வாங்குகிறவர் கண்ணெதிரே தராசில் வைத்து, இது இவ்வளவு எடை, அதனால் இந்த விலை என்றால் பேரம் பாதி குறைந்துவிடும்.

எவர்சில்வரில் காந்தப் பரீட்சை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்பார்கள். இது பாதி உண்மைதான். சமையலுக்கு உயர்ந்ததாகக் கருதப்படும் 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! உப்பும் புளியும் பட்டுப்பட்டு இந்த ரகம்தான் முதலில் புள்ளி விழுந்து துருவேறும். 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். அதனால் அது போலியாகிவிடாது. இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு வெளியூரிலிருந்து வந்து வாடகை வீட்டில் குடியேறியிருக்கும் உத்தியோகஸ்தர் குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்குகின்றன. ஆகவே ரகத்தைக் காந்தத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், கொள்முதல் பில்லிலேயே ரக எண்ணை எழுதி வாங்குங்கள். சென்ற வருஷம் ஒரு விற்பனைப் பிரதிநிதி எங்களிடம் 304 என்று முத்திரை குத்திய டம்ளர்களைக் காட்டினார். பில்லில் அதை எழுதித்தரக் கேட்டோம். மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

இரும்புத் தோசைக்கல்லும் கடாயும் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சரக்கின் குறையல்ல, பழக்காமல் அடுப்பில் ஏற்றியதுதான். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி இரண்டு மூன்று நாள் பழக்க வேண்டும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும் என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் போதும். சேலம் பக்கத்து மாக்கல் கல்சட்டியும் அப்படியே. வடிகஞ்சி ஊற்றிச் சில நாள் பழக்கி, மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தகட்டு இரும்பு வளையுமே தவிர உடையாது.

குக்கரில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. அடுப்படியில் வெடித்தால் போவது ஓர் உயிர். வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரையோடு ஐ.எஸ். 2347 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். தரமில்லாத குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக 2022 ஆகஸ்டில் அமேசான் நிறுவனத்துக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்தையே விடாதவர்கள் நம்மைப் போன்ற சின்னக் கடையை விட்டுவிடுவார்களா?

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச் 14-இல் ஆணை பிறந்தது. சிறு, குறு தொழில்களுக்குக் கால அவகாசம் தனியாக வகுக்கப்பட்டது. ஆகவே யாரிடம் வாங்குகிறீர்களோ அவரிடம் உரிம விவரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரியில் ஒரு நன்மை உண்டு. பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அலமாரியில் இருக்கும் பழைய சரக்கானாலும் புதிய வரியில்தான் பில் போட வேண்டும்.

சீர்வரிசைக்குப் பித்தளை கேட்பவர்களிடம், உள்ளே வெள்ளீயப் பூச்சு உள்ளதா என்று காட்டிக் கொடுங்கள். தெருத்தெருவாக வந்த ஈயம் பூசுகிறவர்களை இப்போது காண்பது அரிது. பூச்சுப் போனால் எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, குக்கர் விற்கிற கடையில் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் இல்லாமல் இருக்கக்கூடாது. கம்பெனிக்கும் லிட்டருக்கும் தக்கபடி அளவு மாறும் என்பதால், நீங்கள் விற்கிற இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்சிகள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்குப் பிளேடும் ரப்பர் வளையமும் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய முதல் வேண்டாம், ஒரு பிஸ்கட் டின் அளவு இடம் போதும்.