அரை மணி நேரமும் நாற்பது கிலோமீட்டரும்

கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி, ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்கில் இருக்கிறது. உணவு ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி பிரிட்டனில் செய்த ஆய்வொன்று 2000-இல் வெளியானது. அலர்ஜி தொடங்கியதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்பதற்கு அவர்களுக்குச் சுமார் 30 நிமிடமே ஆனது என்கிறது அது. கம்பத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் க.விலக்கு போய்ச் சேர முடியாது.

உணவிலுள்ள ஒரு புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி பகையாகக் கருதித் தாக்குவதுதான் உணவு ஒவ்வாமை. பெரும்பாலும் தோல் தடிப்போடு நின்றுவிடும். உடம்பெல்லாம் தடித்தால் நம் ஊரில் 'காணாக்கடி' என்று சொல்லி, கடித்த பூச்சியைத் தேடுவார்கள். பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று கேட்பவர் குறைவு. தடிப்போடு இழைப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது பலரும் கேட்பது அவில் ஊசி. அது அரிப்பைத்தான் அடக்கும். அடைபடும் மூச்சுக்குழாயைத் திறந்து, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில் போட வேண்டும். விலை மலிவான மருந்து. மேலைநாடுகளில் நோயாளிகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆம்பூலும், அதைத் தயங்காமல் போடும் கையும் இருந்தே ஆக வேண்டும்.

நம்மில் எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல்? ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய 'யூரோப்ரிவால்' ஆய்வின் இந்தியப் பகுதி பெங்களூரு, மைசூரு வட்டாரத்தில் நடந்தது. 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேள்வி கேட்டு, ஒரு பகுதியினருக்கு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான அடையாளம் இருந்தது. ஆனால் உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான். பத்துப் பன்னிரண்டு உணவுகளுக்கு 'பாசிட்டிவ்' என்று லேப் கொடுக்கும் தாளை நம்பி பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளைதான் மெலியும். சந்தேகம் தீர ஒரே வழி, மருத்துவர் கண்முன் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

கர்நாடகக் கணக்கைக் கொண்டு நம் கம்பம் பள்ளத்தாக்கை அளந்துவிட முடியாது. இங்கே இட்லியோடு வருவது கடலைச் சட்னியும் நல்லெண்ணெய் விட்ட பொடியும். சாம்பாரில் போடும் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத பிள்ளையின் அம்மாவுக்கு இதை யார் சொல்வது? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா உள்ளிட்டவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிடச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் குறிப்பிட்டாக வேண்டும். எள்ளும் எண்ணெயுமாகச் சமைக்கும் நமக்குத்தான் இந்த விதி முதலில் வந்திருக்க வேண்டும்.

தனி மருத்துவமனை ஒன்றால் உணவு ஒவ்வாமைச் சிக்கலைத் தீர்க்க முடியாது. அமெரிக்கா 2005-இல் உணவு ஒவ்வாமை ஆய்வுக் கூட்டமைப்பை அரசு நிதியில் தொடங்கியது. ஓமலிசுமாப் என்ற மருந்தை அந்தக் கூட்டமைப்பின் பத்து மையங்கள் சேர்ந்து சோதித்ததால்தான் 2024 பிப்ரவரியில் அது உணவு ஒவ்வாமைக்கு அனுமதி பெற்றது. மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உணவு ஒவ்வாமை என்று தெரிந்த ஆஸ்திரேலியா, 2022-இல் தேசிய மையமே அமைத்தது. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்து, கடலையைத் தள்ளிப்போடச் சொன்ன பழைய அறிவுரையைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே நிலக்கடலை கொடுத்ததில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 17 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே பயந்து கடலையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பின் நைசாக அரைத்துக் கொடுக்கலாம். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருக்கும் குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இந்தியாவுக்கும் அப்படியொரு கூட்டமைப்பு வேண்டும். அதில் சென்னை, டெல்லியோடு க.விலக்கும் ஓர் உறுப்பாக இருக்க வேண்டும். போடி, சின்னமனூர், கூடலூர்ப் பிள்ளைகளின் கணக்கு அங்கிருந்துதான் வர முடியும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, அட்ரினலின் இருப்பில் இருக்கிறதா, இரவிலும் போட ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.