கோடையில் திறக்கும் பள்ளி

சித்தூர், திருப்பதிப் பகுதியின் தமிழ்க் குழந்தைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தாய்மொழியை எழுத்தில் சந்திக்க அவர்களுக்கு மிஞ்சுவது கோடை விடுமுறைதான்.

சித்தூர் பஸ் நிலையம். காலை ஏழரை மணி. மே மாத வெயில் அதற்குள் சுள்ளென்று உறைக்கத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டு பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே நுழைகிறது. என் தங்கையின் ஒன்பது வயது மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதன் பலகையைப் பார்க்கிறாள். "வே... லூ... ர்" என்று எழுத்துக் கூட்டிவிட்டு, "கரெக்டா பெரியம்மா?" என்கிறாள்.

பக்கத்தில் நிற்கும் ஆந்திர பஸ்ஸின் தெலுங்குப் பலகையை அவள் ஓட ஓடவே படித்துவிடுவாள். ஆங்கிலமும் தகராறில்லை. தமிழில் மூச்சு விடாமல் பேசுவாள், சண்டை போடுவாள், கதை அளப்பாள். படிக்கத்தான் வராது. வேலூர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அந்த மூன்று எழுத்துகளைக் கடக்க அவளுக்கு இரண்டு கோடைகள் ஆகியிருக்கின்றன.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் வட்டாரங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. ஆனால் நாளை வேலைக்கும் கல்லூரிக்கும் போக வேண்டிய பிள்ளை தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கட்டும் என்று பெற்றோர் முடிவெடுப்பதைக் குறை சொல்ல முடியாது. அப்படி முடிவெடுத்த பிறகு, ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் இரண்டாம் வாரம் வரை பள்ளி மூடியிருக்கும் அந்த ஏழு வாரங்கள்தான் தமிழுக்குக் கிடைக்கும் பள்ளிக்கூடம்.

கோடு விழுந்த கதை

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாயிற்று. அன்றைய வட ஆற்காட்டின் பகுதிகளும் அக்கம்பக்கத்து மாவட்டங்களின் பகுதிகளும் சேர்ந்த கலவை அது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் சமரசம், 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லைச் சட்டம் என்று நீண்ட இழுபறிக்குப் பின், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திராவுக்குச் சென்றன.

புத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் எங்கள் சிறுமியின் ஆயாவுக்கு அப்போது பத்து வயது. வடாற்காட்டு வழக்கில் பாட்டியை ஆயா என்பார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு அவரே அவ்வா. தாய்மாமன் வீடு திருத்தணியில். "நாங்க எங்கயும் போவல. கோடுதான் எங்கள தாண்டிப் போச்சு" என்பது ஆயாவின் சரித்திரச் சுருக்கம். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவர் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடுகளைப் பார்த்துப் பழகியவர்.

காலையில் முகாம்

விடுமுறை விட்டதும் நகரத்துப் பெற்றோரின் முதல் கவலை, பிள்ளையை எங்கே அனுப்புவது என்பதுதான். நீச்சல், கராத்தே, ஓவியம், அபாகஸ் என்று கட்டண முகாம்கள் முளைக்கின்றன. கட்டணம் இல்லாத முகாமும் உண்டு. ஆந்திராவின் பொது நூலகங்களில் கோடைதோறும் 'வேசவி விஞ்ஞான சிபிரம்' நடக்கிறது. புத்தகம் வாசிப்பது, கதை சொல்வது, படம் வரைவது, ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது, கொஞ்சம் விளையாட்டு. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் அபூர்வமான இடம்.

திருப்பதியில் அலிபிரி பக்கம் 1993 முதல் இயங்கும் வட்டார அறிவியல் மையம் இன்னொரு ஈர்ப்பு. தொட்டும் சுழற்றியும் பார்க்கக்கூடிய கருவிகள், கோளரங்கம், திறந்தவெளி அறிவியல் பூங்கா. ஒரு முழுப் பகல் அங்கே கரைந்துவிடும். 1987இல் தொடங்கிய ஸ்ரீவெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவும் அருகிலேயே. பரப்பு 5,500 ஏக்கருக்கு மேல். "புலி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே நடக்கும் பிள்ளைக்குப் பாதி வழியில் கால் வலிக்கும் அளவுக்குப் பெரியது.

இவையெல்லாம் நல்லவை. ஆனால் எல்லாம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நடப்பவை. நூலக முகாமில் எங்கள் சிறுமி தெலுங்கில் கதை சொல்லிக் கைதட்டு வாங்கினாள். அதே கதையை வீட்டில் ஆயாவிடம் தமிழில் சொன்னாள். வாயால் செய்த அந்த மொழிபெயர்ப்பு அருமையாக இருந்தது. எழுதச் சொன்னபோதுதான் பென்சில் நின்றுவிட்டது.

குடிநீர்ப் பலகையும் ஒரு பாடம்

பாடப்புத்தகம் எதுவும் இல்லாமல் பாடம் கிடைத்த இடம் திருமலை. அங்கே அறிவிப்புகள் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று பல மொழிகளில் இருக்கின்றன. வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைக்குப் படிக்க வேறு என்ன இருக்கிறது? தெரிந்த தெலுங்கை வைத்துத் தெரியாத தமிழைத் துப்பறியும் விளையாட்டு தொடங்கியது.

முதல் பிடி, தண்ணீர்க் குழாய்க்கு மேலிருந்த பலகை. தெலுங்கில் 'தாகுநீரு'. தமிழில் 'குடிநீர்'. "நீரு, நீர் ரெண்டும் ஒண்ணு! தாகுன்னா குடி!" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பிறகு நிற்கவில்லை. தெலுங்கில் வீடு 'இல்லு', தமிழில் 'இல்லம்'. அவள் தினமும் தெலுங்கில் சொல்லும் 'செப்பு', தமிழில் புலவர்கள் கையாண்ட பழைய சொல். சறுக்கிவிடும் இடங்களும் உண்டு. தமிழில் 'நல்ல' என்றால் நல்லது. தெலுங்கில் அதுவே கறுப்பு.

எழுத்தில்தான் தகராறு. தெலுங்கில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றே ஒன்று. "ஒரே க எப்படி நாலு வேலை செய்யும்?" என்ற அவள் கேள்விக்கு, சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்று 'கடல்', 'தங்கம்', 'அகம்' காட்டி விளக்க வேண்டியிருந்தது. எம்.ஏ. வகுப்பில் நான் படித்த எழுத்ததிகாரம் லட்டு வாங்கும் வரிசையில் பயன்பட்டது இதுதான் முதல் முறை. 'ழ' இன்னும் அவளுக்கு 'ள'தான். மாம்பளம், வாளைப்பளம். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளிலும் ழகரம் இருந்தது, பின்னால் வழக்கொழிந்தது என்று சொன்னேன். "அப்ப நான் சொல்றதும் சரிதான?" என்று மடக்கினாள். சென்னையில் பிறந்து வளரும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அலிபிரியிலிருந்து படியேறிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். 3,550 படிகள். என் வயதுக்காரர்கள் சிறுவயதில் இரவில்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானாள். அதன் பிறகு 15 வயதுக்குட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு விதித்தது. நடந்து செல்வோருக்குக் கைத்தடிகளும் கொடுத்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அன்றைய விதியை விசாரித்துக்கொண்டு, விடியற்காலையில் கூட்டத்தோடு ஏறுவது நல்லது. நாங்கள் பஸ்ஸில் போனோம். அவள் முகம் தொங்கியது தொங்கியதுதான்.

மலைக்குப் போகும் வழியில்

சித்தூர்க்காரர்களின் ஏழைகளின் ஊட்டி, ஹார்ஸ்லி ஹில்ஸ். கடல் மட்டத்துக்கு மேல் 4,000 அடிக்குச் சற்று அதிக உயரம். வெள்ளைக்காரக் கலெக்டர் ஹார்ஸ்லி வெயிலுக்கு ஒதுங்கி வீடு கட்டிய மலை. திருப்பதியிலிருந்து போனாலும் சித்தூரிலிருந்து போனாலும் மதனப்பள்ளி வழியில் வரும். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அவளுக்கு ஒரு சங்கதி சொன்னேன். 1919இல் தாகூர் இந்த ஊரின் தியாசபிகல் கல்லூரிக்கு வந்து தங்கினார். வங்காளத்தில் தாம் எழுதிய 'ஜன கண மன'வை இங்கேதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தினமும் பள்ளியில் அவள் நின்றுகொண்டு பாடும் பாட்டு, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போன இடம் பழைய சித்தூர் மாவட்டத்து மண்.

பக்கத்திலேயே, மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளி. அதன் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பதை 2003இல் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் பின்னர் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல். கல்வி எல்லை தாண்டி வந்திருக்கிறது. எதிர்த் திசையில் கொஞ்சம் தமிழ் எல்லை தாண்டினால் என்ன?

வேஷமும் கூத்தும்

மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை ஒரு வாரம் நடக்கும். ஒரு நாள் வெள்ளைப் பூச்சு, ஒரு நாள் குங்குமம், ஒரு நாள் கரி, ஒரு நாள் சந்தனம் என்று ஊரே வேஷம் போடும். ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வருவார்கள். பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா வேஷம் மாறி வந்தாள் என்பது கதை. வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு கரி பூசிய முகத்தோடு போகும் பிள்ளைகளுக்கு அந்த வாரம் எந்த முகாமும் ஈடாகாது.

ஆயா ஊரில் பாரதம். திரௌபதி, தர்மராஜா கோயில்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. ஊருக்கு ஊர் தமிழிலும் நடக்கும், தெலுங்கிலும் நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கீழே மூன்று தலைமுறையும் அண்ணாந்து பார்க்கும். எங்கள் சிறுமி விடிய விடிய விழித்திருந்து, துரியோதனன் படுகளத்துக்குள் தூங்கிப்போனாள். மறுநாள் ஆயாவின் மடியில் படுத்துக்கொண்டு விட்ட கதையைக் கேட்டாள். எழுத்தில்லாத தமிழ் இங்கே எத்தனை செழிப்பாக இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. எழுத்தும் சேராவிட்டால் அது எத்தனை நாள் நிற்கும் என்ற பயமும் வந்தது. ஆயாவுக்குப் பிறகு அந்த மடி இருக்காது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்தக் கோடை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. மாவட்டத்தின் கோடை என்பது மாங்காய் சீசன். தெலுங்கில் தோத்தாபுரி, நம் ஊரில் பெங்களூரா, கிளிமூக்கு என்று பல பெயர்களில் வழங்கும் ஒரே மாங்காய், கூழ் ஆலைகளுக்குப் போகும் பருவம். 2025இல் விலை சரிந்து, ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வருஷத்தில் தோப்புக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஹார்ஸ்லி ஹில்ஸும் கிடையாது, அறிவியல் மையமும் கிடையாது. அதற்காகவே காசில்லாமல் நடக்கும் நூலக முகாம் முக்கியமாகிறது.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. எல்லையோர ஊர்களின் நூலக முகாம்களில், விரும்பும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து. சொல்லித்தர ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். தமிழ் இணையக் கல்விக்கழகம் குழந்தைகளுக்கான தொடக்கப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தெலுங்குக்கு இதனால் ஒரு குந்தகமும் வராது. ஒரு எழுத்தைத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த எழுத்து சீக்கிரம் வரும் என்பதைக் குடிநீர்ப் பலகை காட்டிவிட்டது.

ஜூன் முதல் வாரம், ஆயாவோடு திருத்தணி முருகனைப் பார்க்கக் கிளம்பினோம். நகரி தாண்டி, மாநில எல்லை தாண்டி, கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். சிலவற்றைப் பஸ் முந்திவிட்டது. "ஆயா, நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப இந்த போர்டெல்லாம் படிப்பியா?" என்று கேட்டாள். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. "நீ படி, நான் கேக்கறேன்" என்றார். அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.