பட்டியலில் விடுபட்ட பேரெண்

நாளொன்றுக்கு நாழிகை அறுபது என்பது நம் முன்னோர் கொண்ட அளவு. பங்கீட்டுக்கு அறுபதைப்போல் இசைந்த எண் அரிது. அதனை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் ஆறாகவும் மீதியின்றிப் பகுக்கலாம். நூறோ மூன்றுக்கே இடங்கொடாது. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். அறுபதின் காரணிகள் 12. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணைக் காரணிகள் இல்லை.

இங்ஙனம் தன்னிற் சிறியன யாவற்றையும் காரணித் தொகையால் விஞ்சும் எண்களைத் தனியினமாக வகுத்தாராய்ந்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசர் (1887–1920). பகா எண்களுக்கு மறுதலையான இவற்றை மிகுபகு எண்கள் எனலாம். அவ்வாராய்ச்சி 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் அச்சேறியது. 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதற்காகவே அவருக்குப் பட்டம் வழங்கிற்று. கழகத்தின் பணமுடையால் அன்று விடப்பட்ட பிற்பகுதி அச்சுக்கண்டது 1997இலேதான்!

அக்கட்டுரையில் மிகுபகு எண்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 293318625600, அஃதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

இதனைக் கொக்குவிலில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து மாணவர்க்குச் சொன்னபோது ஒருவன், "ஐயா, இராமானுசரும் பிழை விட்டாரோ?" என்றான். அவன் முகத்தில் வாட்டம் தெரிந்தது. மறைத்திருக்கலாமோ என ஒரு கணம் எண்ணினேன். பின், "விட்டார், நீயே கணக்கிட்டுப் பார்" என்று கரும்பலகையை நீட்டினேன்.

அவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பின் ஒன்றுகள்: கோபுர நிலைகள்போல் மேற்செல்லச் சுருங்கும் வரிசை. மிகுபகு எண்களில் இம்முறை ஒருபோதும் ஏறாது என்பதும், 4, 36 என்னும் இரண்டொழிய ஏனையவற்றில் ஈற்றுப் பகா எண் ஒருமுறையே வரும் என்பதும் இராமானுசர் நிறுவியவையே. ஒவ்வொரு முறைத்தொகையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கக் காரணித் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2 = 5040.

பையன் விடையை எழுதிவிட்டு நிமிர்ந்தான். "இனி 5040க்குக் காரணிகள் எத்தனை?" என்றேன். அறுபது! அறுபதுக்குப் பன்னிரண்டு; பன்னிரண்டுக்கு ஆறு; ஆறுக்கு நான்கு; நான்குக்கு மூன்று. அன்றியும், இவற்றுள் ஒவ்வொன்றும் அத்துணைக் காரணிகளையுடைய எண்களுள் மிகச் சிறியது. நாழிகைக் கணக்கின் அறுபதிலிருந்து மேலேறுவார்க்கு 5040 அடுத்த படி. அதற்கடுத்த படியே விடுபட்ட எண். நழுவியது ஏதோ ஒன்றாக இருந்திருக்கலாகாதா!

ஏடெழுதுவோர் அடியொன்றை விட்டுச் செல்லுதல் தமிழாசிரியனுக்குப் புதிதன்று. இராமானுசர் பிறந்த 1887இலேயே கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை போன்றோர், சிதைந்த ஏடுகளோடு பட்ட பாட்டை நாம் அறிவோம். விடுபட்டதைச் சேர்த்தோர் எவரும் மூலநூலாசிரியரை இகழ்ந்தாரல்லர்.

அப்பட்டியலின் இறுதி எண் 6746328388800. அதனை அடுத்த பகா எண்ணாகிய 23ஆல் வகுக்குமாறு மாணவனிடம் சொன்னேன். பலகை நிறைய எழுதி முடித்தபோது ஈவாக வந்து நின்றது, விடுபட்ட அதே எண்.