ஆண்மை ஹார்மோன் வற்றுவது வயதாலா, வயிற்றாலா?

"முன்போலத் தெம்பு இல்லை. வயதாகிவிட்டது!"

அரியூர் ஆனாலும் அமெரிக்கா ஆனாலும், நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் இப்படிப் பெருமூச்சு விடுவது உண்டு. "வாலிப வயோதிக அன்பர்களே!" என்ற விளம்பரத்தைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் லாட்ஜில் மருந்து வாங்குகிறவர்களும் உண்டு.

குற்றவாளி வயதுதானா? இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்!

சேவல் சொன்ன சேதி

1849-ல் ஜெர்மனியில் பெர்தோல்டு என்ற பேராசிரியர் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றினார். கொண்டை வளரவில்லை. கூவலும் இல்லை. விதையை வயிற்றுக்குள் வைத்ததும், கொண்டை சிவந்து வளர்ந்தது. சேவல் கூவியது! விதையிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கலப்பதே காரணம் என்று அவர் கண்டார்.

1935-ல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் 'டெஸ்டோஸ்டிரோன்'.

நூறு கோடியில் ஒரு பங்கு

ஆரோக்கியமான வாலிபரின் இரத்தத் தெளிநீர் 100 மில்லி லிட்டரில் இது சுமார் 300 முதல் 900 நானோகிராம் வரை இருக்கும். ஒரு நானோகிராம் என்பது, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! இன்சுலினை அளக்க ரோசலின் யாலோ, பெர்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறையே இவ்வளவு சிறிய அளவையும் அளக்க வழி திறந்தது. யாலோ அம்மையாருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நூற்றுக்கு இரண்டே பேர்

முப்பதுக்கு மேல் இந்த ஹார்மோன் குறைவது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,000-க்கு மேற்பட்ட ஆண்களைச் சோதித்தார்கள். உண்மையான குறைவு நோய் இருந்தது நூற்றுக்கு 2 பேருக்கே என்று 2010-ல் அறிவித்தார்கள்!

பருத்த உடம்பும் நீரிழிவும்தான் பெரிய எதிரிகள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 2004-ல் வெளியான ஆராய்ச்சியில், நீரிழிவுக்கார ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இந்த ஹார்மோன் குறைந்திருந்தது.

புதுவைக்கு எச்சரிக்கை

புதுவையில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது. கோவாவுக்கு அடுத்த இடம்!

ஆகவே, தெம்பு குறைந்தவர் முதலில் சர்க்கரையைப் பார்க்கவேண்டும். அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்க, லாட்ஜ் எதற்கு?

ஹார்மோன் சோதனைக்குக் காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றோடு போகவேண்டும். காலையில் உச்சத்தில் இருப்பது மாலையில் இறங்கிவிடும். குறைவாக வந்தால், வேறொரு நாள் மறுபடி பார்க்கவேண்டும். ஒரே சோதனையை நம்பக்கூடாது.

டாக்டர் சொல்லாமல் ஹார்மோன் ஊசி போடுவது ஆபத்து. விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். ஆண்மைக்குப் போட்ட ஊசி, பிள்ளைப் பேற்றைக் கெடுத்துவிடும்!

உடல் எடையைக் குறைத்தால், ஊசி இல்லாமலே ஹார்மோன் ஏறும். வயதைக் குறைக்க யாராலும் முடியாது. வயிற்றைக் குறைக்கலாம் அல்லவா?